லோடு வைத்ததும் சார்ஜ் பம்ப் படுத்துவிடுகிறது (எல்டிஸ்பைஸ்)

மின்பித்தன்:
5 வோல்ட்டிலிருந்து 13 வோல்ட் பக்கம் எடுக்க, எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் இரண்டு படி டிக்சன் சார்ஜ் பம்ப் (டையோடு, கெப்பாசிட்டரால் வோல்ட்டேஜை ஏற்றும் சர்க்யூட்) வரைந்திருக்கிறேன். டையோடு மூன்றும் 4148. கெப்பாசிட்டர் எல்லாம் 1 மைக்ரோ ஃபாரட். எதிரெதிர் ஃபேஸில் இரண்டு கிளாக், 0–5 வோல்ட், 10 கிலோ ஹெர்ட்ஸ். லோடு இல்லாமல் ஓட்டினால் சமர்த்தாக ஏறுகிறது. அவுட்புட்டில் 1எம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் போதும், தரையோடு தரையாகக் கிடக்கிறது. 13 மைக்ரோ ஆம்பியருக்கா இந்தப் பாடு? கெப்பாசிட்டரை 10 மைக்ரோ ஆக்கியும் அசையவில்லை.

ஈயப்பற்று:
அந்த ரெசிஸ்டரில் ஓடும் கரண்ட்டை பிளாட் போட்டுப் பாருங்கள். எவ்வளவு?

மின்பித்தன்:
ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டுகிறது சார்!!

ஈயப்பற்று:
நினைத்தேன். ஸ்பைஸுக்குப் பெரிய எம், சின்ன எம் பேதம் கிடையாது, இரண்டும் மில்லிதான். நீங்கள் வைத்திருப்பது ஒரு மில்லி ஓம், அதாவது சுத்தமான ஷார்ட். மெகா ஓம் வேண்டுமென்றால் 'மெக்' என்று அடியுங்கள். 5 வோல்ட் சப்ளை மூன்று டையோடு வழியாக நேரே கிரவுண்டுக்குப் பாய்கிறது. அப்புறம் கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோவாக இருந்தால் என்ன? நிஜ போர்டாக இருந்தால் 4148 புகைந்தே காட்டிக்கொடுத்திருக்கும். எஃப் விஷயத்திலும் ஜாக்கிரதை: 1எஃப் என்று அடித்தால் ஒரு ஃபாரட் அல்ல, ஒரு ஃபெம்டோ ஃபாரட்.

மின்பித்தன்:
மெக் போட்டதும் 13.8 வந்துவிட்டது, நன்றி சார். ஆனால் டைம் ஜீரோவிலேயே அவுட்புட் 4 வோல்ட்டில் நிற்கிறதே? பூஜ்யத்திலிருந்துதானே ஏற வேண்டும்?

பழையவால்வு:
தம்பி, அதில் கோளாறு ஒன்றுமில்லை. ஓட்டத் தொடங்கும் முன்பே சிமுலேட்டர் டிசி நிலையைக் கணக்குப் போட்டுவிடும். 5 வோல்ட்டில் மூன்று டையோடு டிராப் போக மீதிதான் அந்த 4. சிமுலேஷனை ஓட்டச் சொல்லும் டிரான் வரியின் கடைசியில் யுஐசி என்ற சொல்லைச் சேர்த்தால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு காலி கெப்பாசிட்டரிலிருந்து ஏறும்.

ஈயப்பற்று:
இன்னொன்று. 1 மெக் லோடில் 13.8 பார்த்து மயங்காதீர்கள், அந்த லோடில் எந்த பம்ப்பும் அழகாகத்தான் தெரியும். படி எண்ணிக்கையை, ஃப்ரீக்வென்சியையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கி வருவதால் வகுங்கள்: 1 மைக்ரோ கெப்பாசிட்டருக்கு 200 ஓம். அதுதான் உங்கள் பம்ப்பின் உள் ரெசிஸ்டன்ஸ். 1கே லோடு வைத்தால் 10.5 பக்கம் இறங்கிவிடும். கிளாக்குக்கு சாதா 555 டைமர் ஐசி வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் குறையும், 5 வோல்ட் சப்ளையில் அதன் ஹை முழு 5 தொடாது. சிமாஸ் 555 வாங்குங்கள்.