ஹை-ரிஸ்க் கர்ப்ப ஸ்கேனுக்கு டெம்ப்ளேட் ரிப்போர்ட்: யாருக்குப் பயன்?

கேள்வி (ரேடியாலஜி, மூன்றாம் ஆண்டு):
எங்கள் துறையில் இனி டெம்ப்ளேட்டில்தான் ரிப்போர்ட் கொடுக்க வேண்டுமாம். நேற்று முந்தைய சிசேரியன், முன்பக்கம் தாழ்ந்த பிளசென்டா (நஞ்சுக்கொடி) என்று ஒரு கேஸ்; அது பழைய தழும்பில் ஆழமாக ஒட்டி வளர்ந்திருக்கிறதா (அக்ரீட்டா) என்று பார்க்க வேண்டும். டெம்ப்ளேட்டைத் திறந்தால் 'லாகுனா: இல்லை' (பிளசென்டாவுக்குள் தெரியும் ரத்த இடைவெளிகள்), 'சிறுநீர்ப்பைச் சுவர்: சீராக உள்ளது' என்று நான் ஸ்கேன் புரோபைக் கையில் எடுக்கும் முன்பே எழுதி வைத்திருக்கிறது! பத்தியாக எழுதுவதே மேல் என்று தோன்றுகிறது. சீனியர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில் (மகப்பேறு மருத்துவர்):
பத்தி வேண்டாம் தம்பி. ஆபரேஷனுக்கு முந்தின இரவு அதைப் படிப்பது நான். பிளசென்டா விளிம்பு கருப்பை வாயின் உள்துளையிலிருந்து எத்தனை மி.மீ., 20-க்கு உள்ளேயா வெளியேயா. மேலே எதுவரை ஏறியிருக்கிறது, பக்கவாட்டில் பாராமெட்ரியம் (கருப்பையை ஒட்டிய திசு) பக்கம் போகிறதா. கருப்பையை எங்கே திறப்பது, யூராலஜிஸ்ட்டைக் கூப்பிடுவதா, எத்தனை யூனிட் ரத்தம் சொல்லி வைப்பது எல்லாம் இதை வைத்துத்தான். இரண்டு பக்கம் எழுதிவிட்டு 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை' (நோயாளியின் நிலையோடு பொருத்திப் பாருங்கள்) என்று முடித்தால் நான் யாரோடு கோரிலேட் செய்வது?

பதில் (ஃபீட்டல் மெடிசின்):
கோளாறு டெம்ப்ளேட்டில் இல்லை, முன்கூட்டியே நிரப்பி வைத்த 'நார்மல்'களில் இருக்கிறது. முதல் வேலையாக அவற்றை அழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று தேர்வு போதும்: இருக்கிறது, இல்லை, சரியாகப் பார்க்க முடியவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். சிறுநீர்ப்பை காலியாக இருந்தால் அதன் சுவரைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பத்தியில் அதை நைசாக விட்டுவிடலாம், டெம்ப்ளேட்டில் முடியாது.

கிளியர் ஸோனை (பிளசென்டாவுக்கும் கருப்பைச் சுவருக்கும் இடையே தெரியும் கறுப்புக் கோடு; அது இல்லையென்றால் அக்ரீட்டா சந்தேகம்) மட்டும் தனியாக நம்பாதீர்கள். முன்பக்க பிளசென்டாவில் புரோபைக் கொஞ்சம் அழுத்தினாலே, கோணம் மாறினாலே அது மறைந்துவிடும். லாகுனா, ஒரு மி.மீ.க்கும் மெலிந்த மயோமெட்ரியம் (கருப்பைத் தசை), பிரிட்ஜிங் வெசல்கள் (பிளசென்டாவிலிருந்து கருப்பைச் சுவரைக் கடந்து செல்லும் ரத்தக் குழாய்கள்) இவற்றோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இந்தச் சொற்களுக்கெல்லாம் ஐரோப்பியக் குழு 2016-லேயே வரையறை கொடுத்துவிட்டது, எம்.ஆர்.ஐ.க்கு 2020-இல் எஸ்.ஏ.ஆர்.-ஈ.எஸ்.யூ.ஆர். (இரு ரேடியாலஜி சங்கங்கள்) ஒருமித்த கருத்து வந்தது. டெம்ப்ளேட் அந்தச் சொற்களிலேயே இருந்தால் வேறு ஊரில் படிப்பவருக்கும் குழப்பம் வராது.

இரட்டையருக்கு இன்னும் அவசியம். கோரியானிசிட்டி (இரு குழந்தைகளுக்கும் ஒரே பிளசென்டாவா, தனித்தனியா) 11-14 வாரத்தில் ஒருமுறை பதிவானால் அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளுக்குத் தானாக வர வேண்டும். 26 வாரத்தில் வந்து லாம்டா குறியை (தனித்தனி பிளசென்டாவைக் காட்டும் முக்கோண வடிவம்) தேடுவது வீண் பாடு.

கேள்வி கேட்டவர்:
நன்றி மேடம், நன்றி சார். அப்படியானால் இம்ப்ரெஷனும் (ரிப்போர்ட்டின் முடிவுரை) டிக் பெட்டியாக இருக்கலாமா?

பதில் (ஃபீட்டல் மெடிசின்):
கூடாது. அதை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள், மூன்று வரிக்குள். அக்ரீட்டா சந்தேகம் எவ்வளவு வலுவானது என்பது முதல் வரியில் வரட்டும். வலுவாக இருந்தால் எழுதியதோடு விடாமல் போனும் போடுங்கள்.