ஹியூயி லாங்: ஏழைப் பங்காளரா, எதேச்சாதிகாரியா?

நூலகன்:
ராபர்ட் பென் வாரன் 1946-இல் எழுதிய நாவலில் வரும் வில்லி ஸ்டார்க் என்ற அரசியல்வாதி மீது நமக்குப் பிறக்கும் பரிவை, அப்பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த அமெரிக்காவின் லூயிசியானா மாநில ஆளுநர் ஹியூயி லாங்குக்கும் பலர் வழங்கிவிடுகிறார்கள். அரசு ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துத் தம் அரசியல் செலவுக்கான பெட்டியில் சேர்த்த லாங் அதற்குத் தகுதியானவர் அல்லர்.

வயற்காடு:
பெட்டியை மட்டுமே பார்க்கிறீர்கள், ஐயா. 1928-இல் அவர் ஆளுநரானபோது சாலைகள் பெரும்பாலும் சேறும் புழுதியுமாகவே கிடந்தன. பாடநூல் வாங்க வழியற்ற குடும்பங்களோ ஏராளம். எண்ணெய் முதலிய வளங்களை எடுப்போர் மீதான வரியை உயர்த்தி, அவர் இலவசப் பாடநூல் கொடுத்தார். நூல்கள் பள்ளிகளுக்கு அல்ல, பிள்ளைகளுக்கே உரியவை என்று அத்திட்டம் அமைந்ததால் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர்களும் பயன்பெற்றனர். 1930-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சுத்திகரிக்கும் எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 5 சென்ட் வரி என்று 1929-இல் அவர் அறிவித்த பிறகுதானே பதவிநீக்கத் தீர்மானம் வந்தது?

நூலகன்:
எதிரிகளின் நோக்கம் தூய்மையானது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்திலிருந்து அவர் தப்பிய விதத்தைப் பாருங்கள். அவரை விசாரிக்கவேண்டிய மாநில மேலவையின் 39 உறுப்பினர்களில் 15 பேர், எந்தச் சாட்சியம் வந்தாலும் அவரைக் குற்றவாளி என்று சொல்லமாட்டோம் என முன்கூட்டியே கையெழுத்திட்டதால், மூன்றில் இரண்டு பங்கு வாக்குக்கு வழியின்றி விசாரணையே கலைந்தது. கையெழுத்திட்டவர்களில் பலருக்குப் பின்னர் பதவிகளும் சலுகைகளும் கிடைத்தன. 1934-இல் பெரும்பாலும் தம்மை எதிர்த்துவந்த பெரிய நாளேடுகளின் விளம்பர வருவாய் மீது 2 விழுக்காடு வரி போடச் செய்தார். அது செல்லாது என்று 1936-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் சுட்டுக்கொல்லப்பட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

வயற்காடு:
அதே 1934-இல்தான், வாக்களிக்கக் கட்டவேண்டியிருந்த தலைவரியும் ஒழிந்தது. ஏழைகள் வாக்குச்சாவடிக்குள் வர வழிசெய்தவரை மக்களாட்சியின் எதிரி என்பது எனக்கு ஏற்புடையதன்று.

தெற்குவாசல்:
வந்தவர்கள் ஏழை வெள்ளையர்கள், நண்பரே. கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்திய மற்றத் தடைகள் அப்படியே நீடித்தன. மேலும், தலைவரியை ஒழித்த அதே ஆண்டில்தான் உள்ளாட்சிகளின் அதிகாரங்கள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டு மாநில அரசிடம் குவிக்கப்பட்டன. லாங்கின் மறைவுக்குப் பின் அந்த அதிகாரக் குவியல், ஆளுநரான, அவர் அணியைச் சேர்ந்த ரிச்சர்ட் லெஷியின் கைக்கு வந்தது. 1939-இல் ஊழல் அம்பலமாகி லெஷி பதவி விலகினார். பின்னர் சிறைக்கும் போனார். அவரைச் சிறைக்கு அனுப்பியது மத்திய அரசின் வழக்கு. மாநிலத்துக்குள் அவரைத் தட்டிக்கேட்கும் அமைப்புகளை லாங் ஏற்கெனவே முடக்கியிருந்தார்.