பிளகின் தன் செட்டிங்கை எங்கே வைக்கிறது? நமக்கு நேர்ந்தவை

ரெயின்போ நகர், புதுச்சேரி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என் ஸ்டுடியோ வீட்டின் தரைத்தளத்தில் இருக்கும் ஒரு அறை. மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் தண்ணீரில் நின்றது. மதர்போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க் பிழைத்ததே பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அதைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, பாட்டு புராஜெக்ட்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை எடுத்தேன். என்னிடம் ஒரு பழைய ரிவெர்ப் பிளகின் உண்டு, 32 பிட் காலத்தது. பிளகின் என்றால் ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்; ரிவெர்ப் ஒலிக்கு எதிரொலிப்பு சேர்ப்பது. கோயில் மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஒலித்தால் சத்தம் எப்படிச் சுவரில் பட்டுத் திரும்பும் என்று கேட்டுக் கேட்டு, ஆறு வருடமாக அதில் 40 பிரீசெட், அதாவது பெயர் கொடுத்துச் சேமித்த செட்டிங், செய்து வைத்திருந்தேன். அந்தப் பிளகின் பிரீசெட்டைத் தன் சொந்த ஃபோல்டரிலேயே, அதாவது மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே, சேமிக்கும் என்று தெரியும். அதையும் நகல் எடுத்தேன். பிறகு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன்.

பழைய பாட்டுகளைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒலி அப்படியே இருந்தது. அதனால் எதுவும் போகவில்லை என்றே இருந்துவிட்டேன். அடுத்த மாசி மகத்துக்கு, வைத்திக்குப்பம் தீர்த்தவாரிக்காக ஒரு புதுப் பாட்டு வந்தது. பிரீசெட் பட்டியலைத் திறந்தால் கம்பெனி கொடுத்தவை மட்டும்தான் இருந்தன.

காரணம் இதுதான். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து சாதாரண பயனர் கணக்கில் ஓடும் புரோகிராம் எதுவும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. ஆனால் பழைய 32 பிட் மென்பொருள் நின்றுவிடக் கூடாது என்று, அது எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். பயனரின் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டர். மென்பொருளோ தன் ஃபோல்டரில்தான் எழுதினோம் என்று நம்பிக்கொண்டிருக்கும். ஆறு வருட வேலை அங்கே இருந்திருக்கிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பாட்டு மட்டும் எப்படிச் சரியாக ஒலித்தது? பிளகினில் அந்த நேரத்து நிலையை ரெக்கார்டிங் மென்பொருள் புராஜெக்டுக்குள்ளேயே சேமித்துக்கொள்கிறது. ஆகவே பழைய புராஜெக்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ரிவெர்ப்பை மறுபடி பிரீசெட்டாகச் சேமித்தேன். 17 திரும்பக் கிடைத்தன. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்

எனக்குக் கோளாறு வேறு விதம். நான் பறை கற்றுத் தருகிறேன், வகுப்புப் பதிவுகளை லேப்டாப்பில்தான் செய்வேன். புது லேப்டாப் வாங்கியபோது பயனர் பெயரைத் தமிழிலேயே கொடுத்தேன். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் என் பெயர் தமிழில் இருந்ததைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

தாளவாத்தியப் பிளகின் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உரிம எண் கேட்கும், சாம்பிள் ஃபோல்டர் எங்கே என்று கேட்கும். நான்கு முறை அழித்து மறுபடி நிறுவினேன். கடைசியில் கணினி படிக்கும் என் அக்கா மகன்தான் கண்டுபிடித்தான். பிளகின் தேர்ந்தெடுத்த இடம் சரி, ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ரோமிங் ஃபோல்டர்தான். ஆனால் அந்தப் பாதையில் என் பெயர் வருகிறது. பழைய முறையில் எழுதிய புரோகிராம்கள் எழுத்துகளை விண்டோஸின் கோடு பேஜ், அதாவது ஒரு மொழிக்கான பழைய எழுத்துப் பட்டியல், வழியாகப் படிக்கும். ரஷ்ய மொழிக்கு, கிரேக்கத்துக்கு அப்படி ஒன்று உண்டு. தமிழுக்குக் கிடையாது, யூனிகோடு மட்டும்தான். அதனால் என் பெயரின் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. கேள்விக்குறியோ விண்டோஸில் கோப்புப் பெயருக்கு ஆகாத குறி. கோப்பே உருவாகவில்லை.

பிளகின் கம்பெனிக்கு எழுதிக் கேட்டபோது ஆங்கிலப் பெயரில் புதுக் கணக்கு தொடங்கச் சொன்னார்கள். பெயரை மட்டும் மாற்றிப் பார்த்தேன், ஃபோல்டரின் பெயர் மாறவில்லை. வேறு வழியில்லாமல் புதுக் கணக்கு தொடங்கினேன். எனக்கு இது இன்னும் ஆறவில்லை. பிளகின் எழுதுபவர்கள் தமிழ்ப் பெயருள்ள ஒரு கணக்கில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் போதுமே.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

அக்கா, பிளகின் எழுதுபவர்களில் நானும் ஒருவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கம்ப்யூட்டரில் தமிழ்ப் பெயரில் கணக்கு ஒன்று தொடங்கிச் சோதித்தேன். நல்லவேளை, வேலை செய்கிறது.

நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். முதல் பதிப்பில் எல்லாவற்றையும் டாக்குமென்ட்ஸில் போட்டேன். ஒருவர் அந்த ஃபோல்டரைக் கிளவுடில் இணைத்து இரண்டு கம்ப்யூட்டரில் வேலை செய்பவர். ஒன்றின் திரை அளவு, சாம்பிள் பாதை எல்லாம் மற்றதில் போய் உட்கார்ந்தன. இப்போது பிரித்துவிட்டேன். விருப்பத் தேர்வுகள் விண்டோஸில் ரோமிங்கில், மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட்டில். அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் பொருந்துபவை லோக்கலில். அழிந்தால் மறுபடி உருவாகிவிடும் கேச் தனியே. பயனர் கைப்பட செய்த பிரீசெட் மட்டும் கண்ணில் படும் இடத்தில், அதுவும் அவர் விரும்பினால் மாற்றும்படி.

அடுத்த தவறு இன்னும் மோசம். பிளகின் தனியாக ஓடும் மென்பொருள் அல்ல. ஒரே பாட்டில் 24 டிராக்கில் 24 பிரதிகள் ஓடும். புராஜெக்டை மூடும்போது 24ம் ஒரே கோப்பில் எழுதப் பாய்ந்தன. பாதி எழுதிய கோப்புதான் மிஞ்சியது. அப்புறம்தான், மாற்றம் இருந்தால் மட்டும் எழுது, முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துப் பிறகு பெயர் மாற்று என்று வைத்தேன்.

மேக்கில் பிளகினின் உள்ளேயே செட்டிங்கை எழுதிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும்.

கடலூர் முதுநகர்

நான் லினக்ஸில். இங்கே எக்ஸ்டிஜி என்று ஒரு வழக்கு உண்டு: செட்டிங் எல்லாம் ஹோம் ஃபோல்டரில் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கான்ஃபிக்கில், தரவு புள்ளி வைத்த லோக்கலுக்குள் ஷேரில், கேச் புள்ளி வைத்த கேச்சில். ஆனால் ஹோமில் தன் பெயரிலேயே புள்ளி ஃபோல்டர் போடும் பிளகின்கள் என்னிடம் ஒன்பது இருக்கின்றன. கான்ஃபிக்கையும் ஷேரையும் மட்டும் பேக்கப் எடுப்பவருக்கு இந்த ஒன்பதும் போய்விடும். எனக்கு ஒரு முறை போனது.

ரெயின்போ நகர், புதுச்சேரி

லாஸ்பேட்டை தம்பி, ஒரு வேண்டுகோள். பிளகின் மெனுவில் "பிரீசெட் ஃபோல்டரைத் திற" என்று ஒரு பட்டன் வையுங்கள். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் அதன் ஃபோல்டரைத் திறந்து காட்டும் மெனு உண்டு, அதை அழுத்தித்தான் இப்போதெல்லாம் பேக்கப் எடுக்கிறேன். என் பழைய ரிவெர்ப்பில் அப்படி ஒன்று இருந்திருந்தால், அது எந்த இடத்தைக் காட்டினாலும் போய்ப் பார்த்திருப்பேன்.

இப்போது யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும், மறைந்திருப்பதோடு சேர்த்து, வாரம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் எடுத்து மாடியில் வைக்கிறேன். மீதி 23 பிரீசெட்டையும் காதால் கேட்டு மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். எட்டு முடிந்திருக்கிறது.