அறுவை சிகிச்சைக்குப் பின் அக்கா இறந்துவிட்டார்: இழப்பீடு கேட்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். என் அக்காவுக்கு வயது 34; வீட்டிலிருந்தே தையல் வேலை செய்துவந்தார்; இரண்டு சிறு பிள்ளைகள். கடந்த மார்ச் மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும்) அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மறுநாளே வயிறு உப்பி, மூச்சு வாங்கத் தொடங்கியது; காய்ச்சலும் ஏறியது. எத்தனை முறை சொல்லியும் "வாயுதான், கொஞ்சம் நடக்க வையுங்கள்" என்றே செவிலியர்கள் கூறினர். அறுவை செய்த மருத்துவர் மூன்றாம் நாள் மாலையில்தான் வந்து பார்த்தார். பார்த்தவுடன் மதுரையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே வயிற்றை மீண்டும் திறந்தபோது உள்ளே பித்தநீர் தேங்கியிருந்ததாகச் சொன்னார்கள். இரண்டு நாளில் அக்கா போய்விட்டார்.

பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. தனியார் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி தவிர எதையும் தர மறுக்கிறது. காவல் நிலையத்தில் கொடுத்த புகார், அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்கிறது. இந்த நிலையில் வழக்கு நிற்குமா? நானே தொடுக்கலாமா?

பதில் (வழக்கறிஞர், மதுரை)

தங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். வழக்கு நிற்கும். பிரேதப் பரிசோதனை இல்லாதது ஒரு குறைதான்; ஆனால் இரண்டாவது அறுவை சிகிச்சையின் குறிப்பே இங்கு அதைவிட வலுவான சான்று, ஏனெனில் உயிரோடு இருந்தபோதே வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பதை ஓர் அரசு மருத்துவர் தம் கையால் எழுதிவைத்திருக்கிறார். அதன் நகலை இந்த வாரமே எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யுங்கள்.

தனியார் மருத்துவமனைக்கு, முழு கேஸ் ஷீட்டையும் (சிகிச்சைப் பதிவேடு) கேட்டு, ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சல் அனுப்புங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டு பாதுகாக்கவும் வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பே நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்குச் சாதகமாகும்.

மனுவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். கட்டணம் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. காப்பீட்டுத் திட்டம் பணம் செலுத்தியிருந்தாலும் அப்படியே. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையக் கட்டணமே இல்லை.

மனுதாரர் தாங்களாக இருக்க முடியாது. சட்டப்படி வாரிசுகள் கணவரும் பிள்ளைகளும்தான். பிள்ளைகளுக்காகத் தந்தை கையெழுத்திடுவார். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

காவல் துறையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, கடும் அலட்சியம் என்று சுயேச்சையான மருத்துவக் கருத்து கிடைத்தாலன்றி மருத்துவர் மீது குற்ற வழக்கு நகர்வது கடினம். இழப்பீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. உரிய கவனம் தவறியது என்பதை நிறுவினால் போதும்.

பதில் (அரசு மருத்துவர், ஓய்வு)

மருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பித்தப்பை அறுவைக்குப் பின் பித்தநீர் கசிவது அறியப்பட்ட சிக்கல். திறமையான அறுவை மருத்துவரின் கையிலும் நேரலாம். ஆகவே "அறுவையைத் தவறாகச் செய்தார்கள்" என்று மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு எளிதில் தப்பிவிடும். வயிறு உப்பி, காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறிய ஒருவருக்கு ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல் மூன்றாம் நாள் மாலைவரை கடத்தியதுதான் உண்மையான அலட்சியம். மனுவின் உயிர் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதனால் கேஸ் ஷீட் கிடைத்ததும் முதலில் டி.பி.ஆர். சார்ட்டையும் (உடல்வெப்பம், நாடித்துடிப்பு, சுவாசம் குறிக்கும் தாள்) செவிலியர் குறிப்பையும் பாருங்கள். நாடித்துடிப்பு 88, 112, 130 என ஏறியிருக்க, எதிரே மருத்துவர் வருகைக் குறிப்பு வெறுமையாக இருந்தால், அந்த ஒரு தாள் பல சாட்சிகளுக்குச் சமம். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் மூன்று நாளும் நிரப்பியிருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவமனைத் தரப்பில் ஒருவர் அத்தானைச் சந்தித்து, இரண்டு லட்சம் தருவதாகவும், முத்திரைத் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் கூறியிருக்கிறார். அக்காவுக்கு நிலையான சம்பளம் இல்லையே, பெரிய தொகை எப்படிக் கிடைக்கும் என்று அவர் தயங்குகிறார்.

பதில் (வழக்கறிஞர், மதுரை)

எந்தத் தாளிலும் அவர் கையெழுத்திடக் கூடாது. "இனி உரிமை கோர மாட்டோம்" என்ற ஒரு வரி அதில் இருந்தால், நாளை ஆணையத்தில் முதல் ஆவணமாக அதைத்தான் நீட்டுவார்கள்.

சம்பளச் சீட்டு இல்லாததால் உயிரின் மதிப்புக் குறையாது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2001இலும் 2021இலும் வலியுறுத்தியுள்ளது. அக்காவின் தையலும் வீட்டுழைப்பும் சேர்ந்து மாதம் 15,000 என்று கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. சொந்தச் செலவாக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,20,000. சரளா வர்மா தீர்ப்பின்படி 34 வயதுக்குப் பெருக்கெண் (ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) 16. ஆக 19,20,000 ரூபாய். மோட்டார் விபத்து வழக்குகளுக்கான இக்கணக்கை ஆணையம் அப்படியே பின்பற்றும் கட்டாயம் இல்லை, ஆனால் கோரிக்கைக்கு அது நியாயமான அடிப்படை. மருத்துவச் செலவும், தாயை இழந்த பிள்ளைகளுக்கான தொகையும் தனி. தையல் வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேரிடம் கையெழுத்திட்ட கடிதமும், அவர் கைப்பட எழுதிய அளவு நோட்டும் இருந்தால் எடுத்துவையுங்கள்.