டெல்டா கிரீன் ஆட்டத்தில் யாருக்கும் பயமே வரவில்லை

டெல்டா கிரீன் நடத்துகிறேன். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் திகில் ஆட்டம். வேற்றுலக ஜந்துக்களை மறைக்கும் ரகசிய அமைப்பின் கதை. நடுங்க வைக்க வேண்டும். என் குழுவில் அது வேட்டை விளையாட்டாகிவிட்டது. எது வந்தாலும் சுட்டுத் தள்ளிவிட்டு, “அடுத்தது?” என்கிறார்கள்.

2016-இல் வந்த விதிநூல், நான்கு பேர், ஞாயிறு இரவு ஆன்லைனில், இதுவரை ஐந்து அமர்வு. கதை 1990களில், மாசசூசெட்ஸ் கடற்கரையில். ஒருவருடைய கதாபாத்திரத்தின் மனநிலைப் புள்ளி 60-இலிருந்து 49-க்கு இறங்கிவிட்டது. 48-ஐத் தொட்டால் மனம் முறியும். மனிதர் சிரித்துக்கொண்டே பகடை உருட்டுகிறார்!

விளக்கை அணைக்கச் சொன்னேன், ஒருவர் தூங்கிவிட்டார். ஜந்துவைக் காட்டாமல் வாடையும் ஈரமும் மட்டும் சொன்னேன். அந்த ஒரு அமர்வு நன்றாகப் போனது. தோட்டாவைக் குறைத்தேன், கோடரியை எடுத்தார்கள்.

உண்மையான சிக்கல் ‘பாண்ட்’ (பிணைப்பு) விதியில் என்று நினைக்கிறேன். அதிர்ச்சியைக் கதாபாத்திரத்தின் மனைவி, நண்பர் போன்ற நெருங்கிய உறவின் மேல் தள்ளினால் புள்ளி இழப்பு குறையும், ஆனால் அந்த உறவு அதே அளவு தேயும். என்னைக் கேட்டால் ஆட்டத்தின் உயிரே அதுதான். இவர்களுக்கோ அது கூடுதல் பேட்டரி மாதிரி. சரி என்று பணிகளுக்கு இடையே வரும் வீட்டுக் காட்சியை ஒருமுறை நீட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்: அந்த உறவு தேய்வது ஆடுபவருக்கே வலிக்கும்படி வீட்டுக் காட்சியை எப்படி நடத்துவது?