நாமக்கல், நெதர்லாந்து: கோழி எருவில் தழைச்சத்து இழப்பை எப்படி ஒப்பிடுவது?

எருக்கணக்கு (கேள்வி)
நாமக்கல் கூண்டுப் பண்ணைகளிலும் நெதர்லாந்தின் முட்டைக்கோழிப் பண்ணைகளிலும் எருவிலிருந்து எவ்வளவு தழைச்சத்து காற்றோடு போகிறது என்று ஒப்பிட வேண்டும். ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) 2006 வழிகாட்டி, தழைச்சத்து (நைட்ரஜன்) இழப்பு கூளம் (தரையில் பரப்பும் உமி, நார் போன்றவை) இல்லாத கோழி எருவுக்கு 55%, கூளம் உள்ளதற்கு 40% என்கிறது. டச்சு (நெதர்லாந்து) தரவுகளோ ஒரு கோழிக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ அம்மோனியா என்று கொடுக்கின்றன. இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துப் பார்ப்பது? நம் ஊர் வெயிலுக்கு இழப்பு கூடுதலாகத்தானே இருக்கும்?

கூண்டடி
முதலில் அலகைச் சரிசெய்யுங்கள். டச்சு எண் அம்மோனியாவின் எடை. 14/17 ஆல் பெருக்கினால்தான் நைட்ரஜன் எடை வரும். அது கொட்டகைக்குள் நடக்கும் இழப்பு மட்டுமே. ஐபிசிசியின் 55% என்பது கொட்டகையும் சேமிப்பும் சேர்ந்தது, வயலில் போட்ட பிறகு போவது அதில் இல்லை. ஐரோப்பிய இழப்புக் காரணிகள் (இத்தனை சதவீதம் போகும் என்னும் எண்கள்) பலவற்றில் சதவீதம் கணக்கிடப்படுவது மொத்த நைட்ரஜனுக்குக்கூட அல்ல, அம்மோனியாவாக மாறக்கூடிய பங்குக்கு மட்டும். இதைக் கவனிக்காமல் இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

என்னைக் கேட்டால் காரணிகளை ஓரமாக வைத்துவிட்டு, தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) உள்ள விகிதத்தைப் பிடியுங்கள். பாஸ்பரஸ் ஆவியாகாது. எச்சத்தில் இருந்தது எருவிலும் இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு: கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்கிறது, புரதம் 17%. புரத எடையை 6.25 ஆல் வகுத்தால் நைட்ரஜன் வரும்: 110 × 0.17 ÷ 6.25 = 2.99 கிராம் நைட்ரஜன். முட்டை நாளுக்குச் சராசரி 50 கிராம், புரதம் 12% என்றால் 0.96 கிராம் வெளியே போகிறது. எச்சத்தில் விழுவது 2.03 கிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ 740 கிராம். தீவனத்தில் பாஸ்பரஸ் 0.5% என்றால் உள்ளே 0.55 கிராம், முட்டையில் 0.10, எச்சத்தில் 0.45. விகிதம் 4.5.

இப்போது கூண்டடி எருவில், உலர் எடையில், நைட்ரஜன் 2.2%, பாஸ்பரஸ் 1.2% வந்தால் விகிதம் 1.83. இழப்பு = 1 − 1.83/4.5, அதாவது 59%. கிளிஞ்சல் தூள் கலந்து எருவின் எடை கூடினாலும் விகிதம் மாறாது. வெறும் நைட்ரஜன் சதவீதத்தை ஒப்பிட்டால் அது ஏமாற்றும்.

ஆய்வுக்கூட அறிக்கையில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்று இருந்தால் 0.436 ஆல் பெருக்குங்கள். மறந்தால் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கி, இழப்பு பெரிதாகத் தெரியும்.

வெயில்காலம்
வெயில் என்றால் இழப்பு கூடும் என்பது பாதி உண்மை. எச்சத்து நைட்ரஜனில் பெரும்பங்கு யூரிக் அமிலம். அதை நுண்ணுயிர்கள் உடைத்தால்தான் அம்மோனியா பிறக்கும், அதற்கு ஈரம் வேண்டும். எச்சம் விழும்போது ஈரம் 70-75%. ஓரிரு நாளில் 40 சதவீதத்துக்குக் கீழே காய்ந்துவிட்டால் சிதைவு கிட்டத்தட்ட நின்றுவிடும். டச்சுப் பண்ணைகளில் கூண்டுக்கும், கோழிகள் கூண்டின்றி ஏறி இறங்கும் அடுக்குத் தட்டுகளுக்கும் கீழே எச்சத்தை ஏந்தும் பெல்ட் ஓடுகிறது. மேலே காற்று ஊதிக் காயவைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை வெளியே தள்ளுகிறார்கள். நாமக்கல்லின் உயர்மேடைக் கொட்டகையில் எரு கூம்பு கூம்பாக மாதக்கணக்கில் குவிகிறது. மேல்தோல் பொருக்காக இருக்கும், மண்வெட்டியால் பிளந்தால் நடுவில் கறுப்பாக, ஈரமாக, கண்ணை எரிக்கும் வாடையோடு இருக்கும். நிப்பிள் (கோழி தண்ணீர் குடிக்கும் குழாய்முனை) ஒழுகும் வரிசையிலும் ஃபாகர் (குளிர்விக்கும் நீர்த்தூவி) ஓடும் இடத்திலும் அது கூழாகவே கிடக்கும்.

அதனால் மாதிரியைக் கூம்பின் உச்சியிலிருந்து தரைவரை வெட்டி எடுங்கள், 15-20 இடங்களில். ஒழுகும் வரிசையைத் தனியாக. நைட்ரஜனை ஈர மாதிரியிலேயே பார்க்கச் சொல்லுங்கள், ஈரப்பதத்துக்கு வேறு பங்கு. 105 டிகிரியில் காயவைத்த பிறகு பார்த்தால் அடுப்பிலேயே அம்மோனியா பறந்திருக்கும்.

நெதர்லாந்திலும் எல்லாம் பெல்ட் அல்ல. வெறுங்கூண்டுக்கு (முட்டையிடும் கூடு, அமரும் கம்பி எதுவும் இல்லாத கூண்டு) ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் தடை. அடுக்குக் கொட்டகைகளில் தரைக் கூளத்தில் விழும் எச்சம் அங்கேயே கிடக்கிறது. பெல்ட் எருவை மட்டும் சோதித்தால் கணக்கு அழகாக வரும், உண்மை வராது.

எருக்கணக்கு
நன்றி, தெளிவாகிறது. சில பண்ணைகளில் வாடையை அடக்க சூப்பர் பாஸ்பேட் தூவுகிறார்கள். அங்கேயும் இந்த விகிதம் செல்லுமா?

கூண்டடி
செல்லாது. வெளியிலிருந்து பாஸ்பரஸ் சேர்ந்துவிட்டது. அங்கே பொட்டாசியத்தை வைத்துப் பாருங்கள். ஆனால் மழையில் நனைந்த குவியலில் பொட்டாசியம் கரைந்து ஓடும், தென்னை நார்க்கழிவு போட்டால் கூடும்; ஆகவே கூரைக்குக் கீழே உள்ள, கூளம் சேராத எருவுக்கு மட்டும். ஈ வராமல் இருக்கச் சுண்ணாம்பு தூவிய இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். காரத்தன்மை ஏறி அம்மோனியா அதிகம் கிளம்பும்.

வெயில்காலம்
இன்னொன்று. நெதர்லாந்துக் கோழி எருவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 2008 முதல் மூர்டைக் மின்நிலையத்தில் எரிக்கப்படுகிறது. எரித்தால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சாம்பலில் தங்கும், நைட்ரஜன் பெரும்பாலும் சாதாரண நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். அம்மோனியா கணக்கில் இது வராது, ஆனால் வயலுக்கு அந்தத் தழைச்சத்து கிடைக்கவும் இல்லை. "காற்றை மாசாக்கியது", "பயிருக்குக் கிடைக்காமல் போனது" என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். வயல் இழப்பையும் சேர்ப்பதானால், அங்கே எருவை மண்ணோடு உடனே புரட்டுவது சட்டக் கட்டாயம். இங்கே மேலே இறைத்துவிட்டு உழவுக்குக் காத்திருக்கும் நாட்களை விவசாயியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.