பனியில் படபடக்கும் மைக்: குன்னூர்ப் பக்கம் ஒலிப்பதிவுக்கு என்ன செய்வது?

கேள்வி: ஜூம் எச்1என் ரெக்கார்டரும் காலர் மைக்கும் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்தில் பேட்டி எடுத்துவிட்டுத் தொழிற்சாலைக்குள் போனால் 'பட் பட்' என்று சத்தம். வெளியே காற்று இரைச்சல் வேறு. மைக்கை மாற்றணுமா?

பதில் 1: மைக் பழுதில்லைங்க. குளிர்ந்த மைக் சூடான, ஈரமான அறைக்குள் போனதும் அதன்மேல் நீர் கோக்கிறது. காலர் மைக் பெரும்பாலும் கண்டென்சர் வகை; அதற்கு ஈரம் ஆகவே ஆகாது. வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, உள்ளே போய் அரைமணி நேரம் கழித்துத் திறங்க. கவருக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்க. அவசரத்துக்கு ஹேர் டிரையர் காட்டிடாதீங்க!

பதில் 2: காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை பத்தாது, ரோம உறைதான். ரெக்கார்டரில் லோ கட் (அடித்தொனி இரைச்சலை வெட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்க; 160 வைத்தால் ஆண்குரல் மெலிந்துவிடும். பதிவாகும் ஒலி அளவின் உச்சம் -12 டெசிபெல்லைத் தாண்டவேண்டாம். காற்று மைக்கையே திணறடித்துவிட்டால் மிகப் பெரிய சத்தத்தையும் சிதையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டராலும் மீட்க முடியாது.

பதில் 3: குளிரில் அல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏஏ இரண்டு போட்டு, மெனுவிலும் அந்த வகையையே தேர்ந்தெடுங்க. இல்லாவிட்டால் பேட்டரி மீட்டர் பொய் சொல்லும். பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ என்றால் மெமரி கார்டில் மணிக்கு சுமார் 1 ஜிபி பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. பேட்டி நடுவே 'டிர்ர்ர்' என்று ஒரு சத்தமும் வருதே?

பதில் 2: சட்டைப்பையில் ஃபோனா? அதன் சிக்னல்தான் மைக்கில் ஏறுது. ஏரோபிளேன் மோடு போடுங்க!